அடுத்த ஊர்ப் பிள்ளைகள்

நான் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில். ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் நேரத்தில், ஊர்ப் பள்ளிகளை நடத்தும் எங்கள் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் ஒரு கணக்கு வாசிக்கப்படும். சார்ட்டர் பள்ளிகளுக்கு, அதாவது பொதுப் பணத்தில் ஆனால் மாவட்டத்துக்கு வெளியே தனி நிர்வாகத்தில் நடக்கும் பள்ளிகளுக்கு, எங்கள் பள்ளி மாவட்டம் கட்ட வேண்டிய தொகை. அதை வாசித்ததும் அறையில் முணுமுணுப்பு எழும். இந்த முறை போர்டு உறுப்பினர் ஒருவர் அதோடு நிறுத்தவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, “மிட்லண்டில் பிள்ளைகள் பாலே ஆடுவதற்கு நம் வீட்டு வரியிலிருந்து காசு போகிறது” என்றார். நிறையப் பேர் கை தட்டினார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிட்லண்டில் கலைக்கென்றே ஒரு சார்ட்டர் பள்ளி இருக்கிறது. அங்கே பாலே ஆடும் பிள்ளைகளில் அவருடைய மகளும் ஒருத்தி.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அதில் பொய் எதுவும் கிடையாது. பணம் போகத்தான் செய்கிறது. சார்ட்டர் பள்ளிகள் மேல் எனக்கும் பெரிய பற்று இல்லை. நான் அரசுப் பள்ளியில் படித்தவள். ஊரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும், வசதி உள்ள வீடு இல்லாத வீடு என்று பார்க்காமல், ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிப்பதுதான் முறை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பென்சில்வேனியாவில் 1997-இல் சார்ட்டர் சட்டம் வந்த பிறகு அந்த முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படியிருந்தும் அன்றைக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. யோசித்து யோசித்து இப்போது ஓரளவு தெளிவுக்கு வந்திருக்கிறேன்.

ஆலையும் பள்ளிக்கூடமும்

பிட்ஸ்பர்கிலிருந்து வடமேற்கே, ஒஹாயோ ஆற்றை ஒட்டியபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டினால் மிட்லண்ட் வரும். பீவர் கவுண்டியின் மேற்கு ஓரம். இன்னும் கொஞ்சம் போனால் மாநில எல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஷிப்பிங்போர்ட்டில் இருக்கும் அணுமின் நிலையத்தின் கோபுரங்கள் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். அமெரிக்காவின் முதல் முழு அளவு வணிக அணுமின் நிலையம் 1957-இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. இந்தப் பக்கம் சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே நீளமாக ஆலைக் கொட்டகைகள். அதற்கு மேலே மேட்டில் ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகு ஆலைக்காகவே எழுந்த ஊர் அது. க்ரூசிபிள் ஸ்டீல் என்றால் மிட்லண்ட், மிட்லண்ட் என்றால் க்ரூசிபிள் ஸ்டீல். 1950 வாக்கில் ஆறாயிரம் பேருக்கு மேல் அங்கே குடியிருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் சுமார் 2,400 பேர்.

நடுவில் நடந்தது 1982. கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் கையில் இருந்த ஆலை அந்த வருடம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. பிறகு வேறொரு நிறுவனம் ஆலையின் ஒரு பகுதியை வாங்கித் துருப்பிடிக்காத எஃகு செய்யத் தொடங்கியது, ஆனால் பழைய கூட்டத்தில் சிறு பகுதிக்குத்தான் அதில் இடம் இருந்தது. ஆலை போனால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் புரியும். பள்ளிக்கூடமும் போகும் என்பது அமெரிக்காவின் பள்ளி நிதி முறை தெரிந்தால்தான் புரியும். இங்கே பள்ளியை நடத்துவதில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் சொத்து வரி. ஆற்றங்கரையில் நெருப்பு எரிந்த வரைக்கும் மிட்லண்ட் பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. லிங்கன் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அணி 1965-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மாநிலக் கோப்பையை வென்றது. பிற்பாடு சிகாகோ புல்ஸ் அணிக்கு ஆடிய நார்ம் வான் லியர் அந்த அணியில் ஒருவர். ஆலை மூடிய சில வருடங்களுக்குள், எண்பதுகளின் நடுவில், அந்த உயர்நிலைப் பள்ளியும் மூடப்பட்டது. மிஞ்சியது எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளி. அதற்கு மேல் படிக்க வேண்டிய பிள்ளைகளை எங்கே அனுப்புவது?

கதவு திறக்காத பக்கத்து ஊர்கள்

இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலை நான் ஒரு முதியவரிடமிருந்துதான் முதலில் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் ஆடிய குளிர்கால நிகழ்ச்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய லிங்கன் பள்ளியின் பெயரையே தாங்கி 2006-இல் திறக்கப்பட்ட லிங்கன் பார்க் கலை மையத்தின் அரங்கில் நிகழ்ச்சி. எனக்கு அடுத்த இருக்கையில் இருந்தவர் க்ரூசிபிள் ஆலையில் வேலை பார்த்தவர். மேடையில் ஆடப் போகிறவர்களில் அவருக்குச் சொந்தக்காரப் பிள்ளை யாரும் இல்லை. நடந்து வரும் தூரத்தில் வீடு, அதனால் எல்லா நிகழ்ச்சிக்கும் வந்துவிடுவேன் என்றார். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் பள்ளி மாவட்டத்தின் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, கோபமே இல்லாத குரலில், “உங்கள் ஊரிடமும் கேட்டோம். அவர்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்” என்றார்.

என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. முதல் பாதியில் மேடையில் என்ன நடந்தது என்று என் மனதில் பதியவே இல்லை. இடைவேளையில் அவரே சொன்னார். பள்ளி மூடியதும் பக்கத்து மாவட்டங்களிடம் போய் நின்றார்கள். எங்களை உங்களோடு இணைத்துக்கொள்ளுங்கள், ஒரே மாவட்டமாக இருந்துவிடலாம் என்றார்கள். யாரும் சம்மதிக்கவில்லை. பீவர் என்ற ஊரின் மாவட்டம் மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஏற்பாடும் முடிந்தது. அப்போது மாநிலத்துக்குள் இடம் கிடைக்காமல், எல்லை தாண்டி ஒஹாயோவில் இருக்கும் ஈஸ்ட் லிவர்பூலுக்குப் பிள்ளைகளை பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவருடைய மகளும் அந்த பஸ்ஸில் போனவள். பென்சில்வேனியாவில் வரி கட்டுகிற வீட்டுப் பிள்ளை ஒஹாயோ மாநிலத் தேர்வை எழுதி ஒஹாயோ பட்டயம் வாங்கி வந்தது என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறியது. ஆலை போனதைச் சொன்னபோதுகூட அப்படி மாறவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். அவர் சொன்னதன் சாரம் அதிலும் இருந்தது. வெளியில் சொல்லப்பட்ட காரணங்கள் பணம் சம்பந்தப்பட்டவை: ஆலை போன ஊரைச் சேர்த்துக்கொண்டால் நம் வரி ஏறும். மிட்லண்டில் கறுப்பினக் குடும்பங்கள் சுற்றியிருக்கும் ஊர்களைவிடக் கூடுதல். அதுதான் உண்மைக் காரணம் என்று மிட்லண்ட்காரர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஆதாரமில்லாமல் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. 1960-களில் சட்டம் போட்டு இரண்டாயிரத்துக்கு மேல் இருந்த பள்ளி மாவட்டங்களை 500 அளவுக்கு இணைத்து முடித்த மாநில அரசு, இந்த ஒரு சின்ன ஊரின் விஷயத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. நூற்றுக்கணக்கான பதின்ம வயதுப் பிள்ளைகள் வருடக் கணக்கில் ‘எங்களை யாருக்கும் வேண்டாம்’ என்று தெரிந்துகொண்டே வளர்ந்திருக்கிறார்கள். பதினாலு வயதில் ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்க முடியும்?

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் போர்டு கூட்டத்தில் நடந்த கைதட்டல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அன்று மிட்லண்டின் பிள்ளைகள் நமக்குச் சுமை என்று சொன்ன அதே மாவட்டம், இன்று நம் பிள்ளைகள் மிட்லண்டுக்குப் போகிறார்கள் என்று குறைப்படுகிறது. நடுவில் என்ன நடந்தது என்பதைப் பற்றி அந்த அறையில் யாரும் வாய் திறக்கவில்லை.

பணம் வந்த வழி

நடுவில் நடந்தது எல்லாம் அழகான கதை இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லா வாசலும் அடைபட்ட நிலையில், 2000-இல் மிட்லண்டின் பள்ளிக் கண்காணிப்பாளர் நிக் ட்ரோம்பெட்டா சார்ட்டர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் இணையப் பள்ளி தொடங்கினார். கட்டடம் வேண்டாம், கணினி போதும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதில் மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நாளடைவில் மாணவர் எண்ணிக்கை பத்தாயிரத்தை எட்டியது. இணையப் பள்ளிக்கும் செங்கல் கட்டடப் பள்ளிக்கும் ஒரே மாதிரி கட்டணம் என்று சட்டம் வைத்திருந்ததால், காலியாகிக்கொண்டிருந்த அந்த ஊருக்குள் பணமும் அலுவலக வேலைகளும் வந்தன. லிங்கன் பார்க் கலை மையத்துக்கும் அதோடு சேர்ந்த நிகழ்த்துகலைச் சார்ட்டர் பள்ளிக்கும் பின்னால் நின்றவரும் அதே ட்ரோம்பெட்டாதான்.

2013-இல் அவர்மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. இணையப் பள்ளியின் பணத்தில் சுமார் 80 லட்சம் டாலரைத் தனக்கு வேண்டிய நிறுவனங்களுக்குத் திருப்பிவிட்டு, அதற்கான வருமான வரியை மறைத்தார் என்பது வழக்கு. வரிச் சதிக் குற்றத்தை 2016-இல் ஒப்புக்கொண்டார், 2018-இல் 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. கைவிடப்பட்ட ஒரு ஊரின் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி வந்த பணம் அது. அதில் கை வைத்தவரை எந்த நல்ல காரியத்தைக் காட்டியும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை. அதே நேரம், அவர் செய்த குற்றத்தைக் காட்டி அந்தக் கலைப் பள்ளியையே கறை படிந்தது என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் சிறைக்குப் போன பிறகும் ஒவ்வொரு காலையும் அந்தப் பள்ளிக்கு பஸ்கள் வந்து நின்றன. அவற்றிலிருந்து இறங்கிய பிள்ளைகள் யாருடைய பணத்தையும் தொட்டவர்கள் இல்லை.

ரிப்பன் தைக்கும் பெண்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பார்த்துத்தான் அந்தப் பள்ளியை நான் உண்மையில் புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டு முன்படியில் உட்கார்ந்து அவள் பாயின்ட் ஷூவுக்கு, அதாவது கால் நுனியில் நின்று ஆடுவதற்கான பாலே ஷூவுக்கு, ரிப்பன் தைப்பாள். அந்த ஷூ கடையிலிருந்து வரும்போது ரிப்பன் தனியாகத்தான் வரும், தைப்பது ஆடுகிறவரின் வேலை. குதிகால் பக்கத்தை உள்ளே மடித்து, மடிப்பு விழும் கோணத்தில் பென்சிலால் கோடு போடுவாள். ரிப்பன் நுனியை லைட்டர் தீயில் ஒரு நொடி காட்டுவாள், இழை பிரியாமல் உருகி ஒட்டிக்கொள்ளும். நூலுக்குப் பதிலாகப் பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃப்ளாஸ். ஏன் என்று கேட்டேன். நூல் அறுந்துவிடும், இது அறாது என்றாள். உள்ளே இருக்கும் இழுப்புக் கயிற்றில் ஊசி பட்டுவிடாமல் ஒதுக்கித் தைக்க வேண்டும், அது தைபட்டுவிட்டால் ஷூவை இறுக்கவே முடியாது. தைத்து முடித்ததும் ஷூவின் முன்பகுதியைப் படியில் நாலு தட்டு தட்டுவாள். மேடையில் கட்டை மாதிரிச் சத்தம் கேட்கக் கூடாதாம். அப்புறம் அடித்தட்டை இரண்டு கையாலும் வளைத்து, தன் பாதத்தின் வளைவோடு வைத்துப் பார்ப்பாள். நூறு டாலருக்கு மேல் விலையுள்ள அந்த ஷூ, நிகழ்ச்சி நெருங்கும் நாட்களில் சில நாள்கூடத் தாங்காது.

இந்தப் பெண்ணின் அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவர். மகளுக்குச் சின்ன வயதில் ஒரு ஸ்டூடியோவில் பாலே கற்றுக்கொடுத்தார். நிலை ஏற ஏறக் கட்டணமும் ஏறியது, நிறுத்திவிடலாம் என்று முடிவு எடுத்த நேரத்தில்தான் லிங்கன் பார்க் பற்றிக் கேள்விப்பட்டார். ஆடிஷன் உண்டு. தேர்வானால் கட்டணம் கிடையாது. பள்ளி நேரத்திலேயே, கணக்கும் ஆங்கிலமும் படிக்கிற அதே இடத்தில், நாள்தோறும் நடனம். பெற்றோர் வேலையை விட்டுவிட்டு மாலையில் கார் ஓட்டிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. நடனம் தவிர இசை, நாடகம், எழுத்து, ஊடகக் கலை என்று பிரிவுகள் உண்டு. பிற்பாடு மருத்துவம், சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கான பிரிவுகளும் சேர்ந்தன. பழைய லிங்கன் பள்ளி அணியின் லெப்பர்ட்ஸ் என்ற பெயரையும் புதிய பள்ளி எடுத்துக்கொண்டது. அந்தப் பெயரில் 2014-இல் மாநிலக் கூடைப்பந்துக் கோப்பையும் மிட்லண்டுக்குத் திரும்பி வந்தது.

நம் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். பிட்ஸ்பர்கைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் பலர் பரதம் கற்கிறார்கள். வார இறுதி முழுக்க வகுப்பு, ஒத்திகை, பென் ஹில்ஸ் பெருமாள் கோயில், வகுப்பிலிருந்து வகுப்புக்கு ஓட்டம். அரங்கேற்றம் என்று வந்தால் பக்கவாத்தியம், புடவை, அரங்கு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் டாலர். நாங்கள் அதைச் செய்கிறோம், செய்ய முடிகிறது. என் மகளுக்கும் செய்தோம். அவளைவிட நன்றாக ஆடக்கூடிய பிள்ளை ஒன்று எங்கேயோ, இரவு வேலைக்குப் போகும் அம்மாவின் வீட்டில் இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு எங்கள் ஏற்பாட்டில் இடமே இல்லை. கலை என்பது பெற்றோர் காசு கொடுத்து வாங்கித் தருவது என்று நாங்கள் பேசாமலேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஆலை போன ஊரின் பள்ளிக்கூடம் ஒன்று அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆலை ஊருக்கு எதற்குப் பாலே என்று கேட்கிறவர்களுக்கு அதே பீவர் கவுண்டியிலேயே பதில் இருக்கிறது. நாலு ஆஸ்கர் வாங்கிய இசையமைப்பாளர் ஹென்றி மான்சினி வளர்ந்தது வெஸ்ட் அலிக்விப்பாவில். அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி. இத்தாலியக் குடியேறிகளின் பேண்டில் புல்லாங்குழல் வாசித்தவர், மகனுக்கும் அவரே வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆலைக்காரர் வீட்டில் இசை எப்போதும் இருந்திருக்கிறது. லிங்கன் பார்க் மையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடக்கும் கலை வகுப்புகளுக்கு மான்சினியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சரியான பெயர்.

வயலின் வகுப்பு

இவ்வளவும் எழுதிவிட்டு நான் நிறுத்திக்கொண்டால் ஒரு நண்பருக்குத் துரோகம் செய்தவளாவேன். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் தமிழர், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். அவருடைய மகன் பள்ளியில் வயலின் கற்றுக்கொண்டிருந்தான். செலவைக் குறைக்கிறோம் என்று மாவட்டம் தொடக்கப் பள்ளி வயலின் வகுப்பை எடுத்துவிட்டது. மிட்லண்டின் கதையை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “எல்லாம் சரி அக்கா. எண்பதுகளில் எவனோ செய்த தப்புக்கு என் பையன் எதுக்கு வயலினைக் கீழே வைக்கணும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. வேண்டாம் என்று சொன்ன போர்டில் இருந்தவர்கள் பலர் இன்று உயிரோடுகூட இருக்க மாட்டார்கள். அந்தக் கடனை ஒன்பது வயதுப் பையனிடம் வசூலிப்பது நியாயமாகாது.

பணம் எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்தால் அவர் வருத்தம் இன்னும் நன்றாகப் புரியும். பிள்ளை எந்த மாவட்டத்தில் வசிக்கிறதோ அந்த மாவட்டம்தான் சார்ட்டர் பள்ளிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்த மாவட்டம் ஒரு மாணவருக்குச் செலவழிக்கும் தொகையிலிருந்து சில கழிவுகள் போக மிச்சம்தான் கட்டணம். ஆக ஒரே வகுப்பில், ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு பெண்களுக்கு இரண்டு விதமான தொகை வருகிறது. வசதியான மாவட்டத்துப் பெண்ணுக்குக் கூடுதல், ஏழை மாவட்டத்துப் பெண்ணுக்குக் குறைவு. சார்ட்டர் பள்ளி, மாவட்ட எல்லையிலிருந்து 10 மைலுக்குள் இருந்தால் பஸ்ஸும் மாவட்டமே விட வேண்டும். அந்தப் பிள்ளை போய்விட்டதால் மாவட்டத்துக்குச் செலவு குறையுமா என்றால், பெரும்பாலும் குறையாது. நாலாம் வகுப்பில் ஒன்று, ஏழாம் வகுப்பில் இரண்டு, பத்தாம் வகுப்பில் ஒன்று என்று போகிறார்கள். அதற்காக ஒரு ஆசிரியரைக் குறைக்க முடியாது, கட்டடத்தில் ஒரு அறைக்கு ஹீட்டரை அணைக்க முடியாது. முன்பெல்லாம் இந்தச் சுமையின் ஒரு பங்கை மாநில அரசு மாவட்டங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவந்தது. 2011-12 பட்ஜெட்டில் அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். போர்டு கூட்டங்களில் ஊருக்கும் ஊருக்கும் இருக்கும் மனக்கசப்பில் பாதி அந்த ஒரு முடிவிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

இப்போது என் கோபம் யார் மேல் என்று சொல்கிறேன். மிட்லண்டை இணைக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டிய நேரத்தில் மாநில அரசு பேசாமல் இருந்தது. ஊரே வழி தேடி ஒரு பள்ளியைக் கட்டி எழுப்பிய பிறகு, அதற்கான பணத்தைத் தான் கொடுக்காமல் பக்கத்து ஊர்களின் பையிலிருந்து எடுக்கச் சொன்னது. எடுத்ததில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததையும் பிறகு நிறுத்திக்கொண்டது. எங்கள் போர்டு உறுப்பினர் மைக்கைப் பிடித்து மிட்லண்டை நோக்கி விரலை நீட்டியபோது, விரல் நீட்டப்பட வேண்டிய இடம் மாநிலத் தலைநகரான ஹாரிஸ்பர்க். அங்கே இருக்கிறவர்களுக்கு இது வசதியாகப் போய்விட்டது. வயலின் பையனின் அப்பாவும் பாலே பெண்ணின் அம்மாவும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும் வரை அவர்களை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

2023 பிப்ரவரியில் பென்சில்வேனியா காமன்வெல்த் நீதிமன்றம், மாநிலத்தின் பள்ளி நிதி முறையே மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. சொத்து வளம் குறைந்த ஊர்களில் பிறந்த பிள்ளைகளுக்கு நியாயமான கல்வி கிடைக்காமல் போகிறது என்பதுதான் தீர்ப்பின் மையம். படிக்கும்போது எனக்கு மிட்லண்ட்தான் கண்முன் வந்தது. தீர்ப்புக்குப் பிறகு ஏழை மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி ஒதுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் கலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கான கட்டணத்தை இன்றைக்கும் பக்கத்து ஊர்தான் கட்டுகிறது.

அந்தக் கலைப் பள்ளியை மூட வேண்டும் என்று யாராவது கையெழுத்து கேட்டால் நான் போட மாட்டேன். அதே மாதிரி, கலைப் பள்ளி ஒன்று இருக்கிறதே, வயலின் வேண்டும் என்றால் அங்கே போகட்டும் என்று எங்கள் மாவட்டம் சொல்வதையும் ஏற்க மாட்டேன். வயலினைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு ஆடிஷனில் எதை வாசிக்க முடியும்? நாலாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒரு தடவை வயலினைக் கொடுத்துப் பார்ப்பது சாதாரண ஊர்ப் பள்ளியின் வேலை. அதற்கு மேல் அதையே மூச்சாக எடுத்துக்கொள்கிற பிள்ளைக்குத்தான் மிட்லண்ட் மாதிரி ஒரு இடம்.

நண்பரும் நானும் பக்கத்து வீட்டுப் பெண்மணியும் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். முதல் இரண்டு வரைவிலும் சண்டை வந்தது. மிட்லண்டைப் பற்றிய வாசகத்தை எடுக்கச் சொன்னார் நண்பர், எடுத்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அந்த அம்மா. கடைசியில் இரண்டு கோரிக்கைகள் நின்றன. எங்கள் மாவட்டம் தொடக்கப் பள்ளி வயலின் வகுப்பை மறுபடி தொடங்க வேண்டும். சார்ட்டர் கட்டணத்தில் மாநிலம் முன்பு திருப்பிக் கொடுத்த பங்கை மறுபடி கொடுக்க வேண்டும், அதற்காக எங்கள் போர்டு மாநில உறுப்பினர்களுக்கு எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தில் கொடுக்கப் போகிறோம். பேசுவதற்கு ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான் தருவார்கள் என்பதால் முதலில் அந்த அம்மா பேசுவார், பிறகு நண்பர். பீவர் கவுண்டியில் இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், மனுவை அனுப்புகிறேன். எந்த மாவட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாவது கோரிக்கை எல்லோருக்கும் பொருந்தும்.